மைக் இல்லாத கணினியில் மைக்கைச் சோதிப்பது எப்படி?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் மாலைத் தமிழ் வகுப்பு இப்போது இணையத்திலும் நடக்கிறது. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்கு ழகரமும் றகரமும் காதில் சுத்தமாக விழ வேண்டும். ஒலி சொதப்பினால் அன்றைக்குப் பாடமே இல்லை. அதனால் வகுப்புப் பக்கத்தில் எதை மாற்றினாலும் முதலில் பொய் மைக் ஒன்றை வைத்துச் சோதித்துவிடுவேன்.

லினக்ஸ் இருந்தால் போதும். அதில் ஒலியைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள் பல்ஸ்ஆடியோவோ பைப்வயரோ, எது ஓடினாலும் 'பிஏசிடிஎல்' என்ற கருவி வேலை செய்யும். உபுண்டுவில் அது பல்ஸ்ஆடியோ-யுடில்ஸ் பொதியில் கிடைக்கும். கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

1. பொய் ஸ்பீக்கர்

பிஏசிடிஎல் லோட்-மாட்யூல் மாட்யூல்-நல்-சிங்க் சிங்க்_நேம்=பாடம்

ஓர் எண் வரும், குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஸ்பீக்கருக்குள் போகும் ஒலி வெளியே கேட்காது. ஆனால் அதன் நகல் 'பாடம்.மானிட்டர்' என்ற பெயரில் கிடைக்கும்.

2. பொய் மைக்

பிஏசிடிஎல் லோட்-மாட்யூல் மாட்யூல்-ரீமேப்-சோர்ஸ் மாஸ்டர்=பாடம்.மானிட்டர் சோர்ஸ்_நேம்=மைக்

மானிட்டரையே மைக்காக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். குரோம் தன் மைக் பட்டியலில் மானிட்டர்களைக் காட்டாது. இந்தப் படி அதற்காகத்தான். இதற்கும் ஓர் எண் வரும். 'பிஏசிடிஎல் லிஸ்ட் ஷார்ட் சோர்சஸ்' என்று அடித்து, மைக் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. குரல் கொடுங்கள்

பிஏபிளே --டிவைஸ்=பாடம் வாழைப்பழம்.வேவ்

வகுப்புப் பக்கத்தில் இந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு இதை ஓடவிட்டால், முன்பே பதிந்துவைத்த குரல் யாரோ பேசுவதுபோல மறுமுனையில் கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே குரல், அதே அளவு. அதனால் ஒலி மாறினால், மாறியது பக்கம்தான் என்று தெரிந்துவிடும்.

4. இனி கெடுத்துப் பாருங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. 'பிஏசிடிஎல் செட்-சோர்ஸ்-வால்யூம் மைக் 20%' என்று குரலைத் தாழ்த்துங்கள். அப்புறம் 'பிஏசிடிஎல் செட்-சோர்ஸ்-மியூட் மைக் 1' என்று வாயை அடையுங்கள். கடைசியாக, குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'பிஏசிடிஎல் அன்லோட்-மாட்யூல்' என்பதோடு மைக்கின் எண்ணைச் சேர்த்து அடியுங்கள். பிள்ளை ஹெட்செட்டைப் பிடுங்கிவிட்டதற்குச் சமம் அது. அப்போது பக்கம் உடனே எச்சரிக்க வேண்டும். ஒன்றும் நடக்காததுபோலப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அந்தப் பக்கத்தை வகுப்புக்குக் கொடுக்காதீர்கள். இரண்டாம் படியைத் திரும்ப அடித்து, மைக் வந்ததும் பக்கம் அதைத் தானாகப் பிடித்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள்.

முடிந்ததும் மைக்கை முதலில், ஸ்பீக்கரை அடுத்து நீக்குங்கள். மறந்தாலும் பரவாயில்லை, கணினியை மறுபடி தொடங்கினால் இரண்டும் போய்விடும்.