ஏசி ஃபில்டருக்குள் நாய் பிஸ்கட்

ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால், காரில் ஏசி போட்டதும் மூத்திர வாடை. மெக்கானிக் ஏசியைக் கழுவிக் கொடுத்தார்; மூன்றாம் நாள் மறுபடியும் அதே நாற்றம். நாப்தலின் உருண்டை, புகையிலை எல்லாம் வைத்துப் பார்த்தேன். புகையிலையை இழுத்துப்போய் மெத்தை போட்டிருந்தது சுண்டெலி!

கடைசியில் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, ஏசி ஃபில்டரை உருவினேன். மடிப்புக்குள் நாய் பிஸ்கட் துண்டுகள். எங்கள் வீட்டில் நாயே கிடையாது. பக்கத்து வீட்டு நாயின் தட்டு, காருக்கு நாலடி தள்ளி!

வைப்பருக்குக் கீழே வெளிக்காற்று போகும் துளைதான் சுண்டெலி நுழையும் வழி. முதலில் அரை அங்குலக் கம்பி வலை, அதிலும் நுழைந்துவிட்டது. பிறகு 6 மி.மீ. கண் வலையை வெட்டி, கேபிள் டை போட்டு இறுக்கி, புது ஃபில்டர் மாட்டினேன். பிஸ்கட் தட்டும் இப்போது ராத்திரியில் வீட்டுக்குள். இரண்டு மாதமாக வாடை இல்லை.