காட்டுத்தீ: தணல் வீட்டைப் பிடிக்காமல் இருக்க

காட்டுத்தீயில் எரிந்துபோகும் வீடுகள் பலவற்றைத் தீச்சுவாலை தொடுவதே இல்லை. காற்றில் பறந்து வரும் தணல்தான் அவற்றைப் பற்றவைக்கிறது. தீ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே கனன்ற மரப்பட்டைத் துண்டுகள் கூரைமேல் விழலாம். அதனால் தூரத்து மரங்களை வெட்டுவதற்கு முன்னால், வீட்டுச் சுவரை ஒட்டிய ஒன்றரை மீட்டரைக் கவனியுங்கள்.

அந்த அகலத்துக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. செடி, கால்மிதி, பிளாஸ்டிக் தொட்டி, சுவரில் சாய்த்து வைத்த துடைப்பம்கூட வேண்டாம். தரையில் சரளைக்கல் பரப்புங்கள். மரவேலி சுவரைத் தொட்டால் அது விளக்குத்திரி மாதிரி. வேலி முழுவதையும் மாற்ற முடியாவிட்டாலும் சுவரோடு சேரும் பகுதியையாவது இரும்பில் போடுங்கள். விறகு அடுக்கு 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

கூரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், விளிம்பில் மழைநீர் வடியும் காவாயில் சருகு கிடந்தால் பயனில்லை. தணல் அங்கே விழுந்து புகைந்து, ஓரப்பலகையைப் பிடித்து, பரணுக்குள் ஏறும். இதைவிட மோசமானவை காற்றுத் துளைகள். அவை வழியே தணல் உள்ளே போனால் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியவரும்போது நிலைமை கைமீறியிருக்கும். 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண் கொண்ட இரும்பு வலையை அடியுங்கள். நைலான் கொசுவலை உருகி விழுந்துவிடும். வலையில் தூசி அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

சுவரை ஒட்டிய ஒன்றரை மீட்டருக்கு அப்பால், 30 மீட்டர் வரை புல்லை 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரவிடாதீர்கள். மரங்களின் தாழ்ந்த கிளைகளை 2 மீட்டர் உயரம் வரை கழித்துவிட்டால் தரைத்தீ உச்சிக்கு ஏற ஏணி கிடைக்காது. வீடு சரிவில் இருந்தால் கீழ்ப்பக்கத்தில் இன்னும் அதிக தூரம் சுத்தம் செய்யுங்கள். சரிவு 10 பாகை கூடும்போது மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். புல்வெட்டும் இயந்திரத்தைப் பனி ஈரம் காயாத காலையில் ஓட்டுங்கள். உச்சிவெயிலில் பிளேடு ஒரு கல்லில் பட்டாலே பொறி பறக்கும். சுத்தம் செய்யப்போய்த் தீ வைத்தவர்கள் உண்டு.

தீக்காலம் தொடங்கியதும் பையைக் கட்டிவிடுங்கள்: ஆவணங்கள், மருந்து, மூக்குக்கண்ணாடி, டார்ச், என்95 முகக்கவசம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாள் தண்ணீர். துணி முகக்கவசம் புகையின் நுண்துகளைத் தடுக்காது. உடுத்துவதற்கு முழுக்கைப் பருத்தி. பாலியஸ்டர் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். காரை வெளியேறும் வழி பார்த்து நிறுத்தி, டேங்கைப் பாதிக்குக் குறையாமல் வையுங்கள். கார் கொட்டகைக் கதவு மின்சாரத்தில் திறப்பதானால் கையால் திறக்கப் பழகுங்கள், மின்சாரம் முதலில் போய்விடும்.

வெளியேறச் சொன்னதும் கிளம்புங்கள். நேரம் இருந்தால் மட்டும் இவை: சன்னல், கதவுகளை மூடுங்கள், ஆனால் பூட்டாதீர்கள், தீயணைப்பாளர்கள் உள்ளே போக வேண்டியிருக்கும். துணித் திரைகளைக் கழற்றி, சோபாவை அறையின் நடுவுக்கு இழுங்கள். எரிவாயுவை மூடுங்கள். விளக்குகளை எரியவிடுங்கள், புகையில் வீடு தெரியும். தண்ணீர்த் தெளிப்பானைத் திறந்து வைத்துப் போகாதீர்கள். எல்லோரும் அப்படிச் செய்தால் தீயணைப்புக் குழாயில் அழுத்தமே இருக்காது.

வழியில் தீ சூழ்ந்துகொண்டால் காரைச் செடிகொடி இல்லாத வெற்றிடத்தில் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளிப் போர்வையால் மூடிக்கொள்ளுங்கள். இறங்கி ஓடுவது பெரும்பாலும் இன்னும் ஆபத்து.

அனுமதி கிடைத்துத் திரும்பியதும் பரணையும் கூரைக் காவாயையும் முதலில் பாருங்கள், தணல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். எரிந்த மரங்களின் வேர் இருந்த இடம் குழியாகி, மேலே சாம்பல் மூடிக் கிடக்கலாம். கோலால் தட்டிப் பார்த்து நடங்கள். சாம்பலைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், லேசாக நனைத்து அள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் பாதுகாப்பானது என்று அறிவிக்கும் வரை குடிக்க வேண்டாம். தீயில் அழுத்தம் இழந்த பிளாஸ்டிக் குழாய்களில் பென்சீன் கலந்திருக்கலாம், கொதிக்கவைத்தால் அது போகாது.