டூ-வே ஸ்பீக்கர்: பலகை அறுக்கும் முன்பே நடந்து முடிந்துவிடும் தவறுகள்

ப்ளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுப்பது, பெட்டியில் காற்றுக் கசிவது எல்லாம் யாருக்கும் ஒரு முறைதான் நடக்கும். அவற்றை இங்கே விட்டுவிடலாம். டூ-வே ஸ்பீக்கரில் கீழ் ஒலிக்கு வூஃபர், மேல் ஒலிக்கு ஹார்ன் என்று இரண்டு பாகம். அதைக் கட்டத் தொடங்குபவர்கள் மாற்றி மாற்றி விழுகிற குழிகள் டிரைவரையும் (ஒலியை உண்டாக்கும் பாகம்) ஹார்னையும் (அந்த ஒலியை ஒரு கோணத்துக்குள் பரப்பும் புனல்) தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே இருக்கின்றன. அங்கே பிசகினால் அப்புறம் டிஎஸ்பியில் (ஒலியைத் திருத்தும் டிஜிட்டல் கருவி) எதைத் திருகினாலும் சரியாகாது.

பெரிய வூஃபர், சின்ன ஹார்ன்

கதை எப்போதும் ஒன்றுதான். பாஸ் வேண்டும் என்று 15 இஞ்ச் வூஃபர் வாங்குவார்கள். காசு அதிலேயே தீர்ந்துவிடும். மிச்சத்துக்கு 1 இஞ்ச் கம்ப்ரெஷன் டிரைவரும் (ஹார்னின் பின்னால் பூட்டும் டிரைவர்; இஞ்ச் என்பது ஒலி வெளிவரும் அதன் வாயின் விட்டம்) உள்ளங்கை அகல ஹார்னும் வரும். சின்ன ஹார்ன் கீழ் அதிர்வெண்களுக்கு இறங்காது என்பதால் கிராஸ்ஓவரை (வூஃபரிடமிருந்து ஹார்ன் ஒலியை வாங்கிக்கொள்ளும் அதிர்வெண்) 2.5 கிலோஹெர்ட்ஸுக்குத் தூக்கிவிடுவார்கள். கேட்டால், "டேட்டாஷீட்டில் வூஃபர் 3 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறதே" என்பார்கள். போகிறதுதான். ஆனால் அந்தக் கோடு கோனுக்கு (வூஃபரில் அதிரும் கூம்பு) நேர் முன்னால் மைக் வைத்து எடுத்தது.

அதிர்வெண் ஏற ஏற, எந்தக் கோனும் ஒலியை ஒரு குறுகிய கற்றையாக்கிவிடும். 15 இஞ்ச் கோனில் உண்மையில் அதிரும் விட்டம் சுமார் 330 மி.மீ. ஓரத்தில் 6 டெசிபெல் குறைவதை எல்லையாகக் கொண்டால், 90 டிகிரி அகலத்துக்கு அது ஒலி பரப்புவது ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ் வரைதான். 12 இஞ்ச்சுக்கு 1.3, 8 இஞ்ச்சுக்கு 2 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். 2.5 கிலோஹெர்ட்ஸில் 15 இஞ்ச் வூஃபர் சுமார் 35 டிகிரிக்குச் சுருங்கிப்போயிருக்கும். சரியாக அந்த இடத்தில் 90 டிகிரி ஹார்ன் பொறுப்பை வாங்கிக்கொள்கிறது.

விளைவு என்ன? நடுவில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகத் தெரியும். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் குரல் பின்வாங்கி, ஜால்ரா மட்டும் முன்னே நிற்கும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியிலும் அதே பள்ளம் இருப்பதால் நடு நாற்காலியும் தப்பாது. ஈக்வலைசரில் அந்தப் பகுதியை ஏற்றினால் நேர் ஒலியும் கூடவே ஏறி, காதைக் குத்தும். "கிராஃப் தட்டையாக இருக்கிறது, ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் கேட்க முடியவில்லை" என்பவர்கள் மைக்கை 30 டிகிரியிலும் 45 டிகிரியிலும் தள்ளி வைத்து அளந்தாலே காரணம் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் விலை உயர்ந்த கெப்பாசிட்டர், கனமான வயர், புது ஆம்ப் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். அந்தக் காசுக்கு முதலிலேயே ஒரு உருப்படியான ஹார்ன் வந்திருக்கும்.

ஹார்னின் வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதற்கு ஒலிப் பொறியாளர் டி.பி. கீல் தந்த எளிய கணக்கு உண்டு. 25,400-ஐ டிகிரியில் உள்ள கோணத்தாலும் மீட்டரில் உள்ள வாய் அகலத்தாலும் வகுங்கள். கிடைக்கும் ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த ஹார்னால் கோணத்தைக் கட்டுப்படுத்த முடியாது. 90 டிகிரி, 300 மி.மீ. என்றால் சுமார் 940 ஹெர்ட்ஸ். அதே கோணத்தில் 150 மி.மீ. என்றால் 1,880. உயரத்துக்கும் இதே கணக்குத்தான். 150 மி.மீ. உயரமுள்ள ஹார்னில் "90 × 40" என்று அச்சிட்டிருந்தால், அந்த 40 டிகிரி உண்மையாவது 4.2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான்.

ஆகவே வரிசை இது: வூஃபரின் பரவல் எந்த அதிர்வெண்ணில் ஹார்னின் கோணத்தோடு ஒத்துப்போகிறது என்று முதலில் பாருங்கள். அதற்குக் கீழேயும் கோணத்தைப் பிடித்து நிற்கும் ஹார்னைத் தேடுங்கள். டிரைவர் கடைசியில். 12 இஞ்ச்சுக்கு 300 மி.மீ.க்குக் குறையாத 90 டிகிரி ஹார்னும், 1.3 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கும் டிரைவரும் வேண்டும். 15 இஞ்ச்தான் வேண்டும் என்றால் 400 மி.மீ. ஹார்ன், 75 மி.மீ. டயஃப்ரம் (டிரைவருக்குள் அதிரும் சவ்வு) உள்ள 1.4 இஞ்ச் டிரைவர். அதற்கு வசதியில்லையா, வூஃபரை 12-க்கோ 10-க்கோ இறக்குங்கள்.

வாட்ஸ் பார்த்து கம்ப்ரெஷன் டிரைவர் வாங்குவது

வீட்டு அறையில் 108 டெசிபெல் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் தரும் ஒலி அளவு) உள்ள டிரைவருக்கு ஓரிரு வாட்டே தாராளம். பார்க்க வேண்டியது, தயாரிப்பாளர் சொல்லும் மிகக் குறைந்த கிராஸ்ஓவர் அதிர்வெண்ணும் அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் ஸ்லோப்பும் (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி எத்தனை டெசிபெல் வெட்டப்படுகிறது என்பது). 44 மி.மீ. டயஃப்ரம் பொதுவாக 1.2 முதல் 1.6 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கும். 34, 36 மி.மீ. டயஃப்ரங்களை 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

ஒற்றைக் கெப்பாசிட்டரோடு நிறுத்துவதும் இதோடு சேர்ந்த தவறு. அதிர்வெண் பாதியாகும்போது டயஃப்ரத்தின் அசைவு குறைந்தது இரட்டிப்பாகும். ஒற்றைக் கெப்பாசிட்டர் தரும் 6 டெசிபெல் ஸ்லோப் அதைச் சமன் செய்வதோடு சரி, குறைப்பதில்லை. ஹார்னின் கட்-ஆஃபுக்கு (ஹார்ன் வேலை செய்யும் மிகக் குறைந்த அதிர்வெண்) கீழே காற்றின் பிடியும் போய்விடுவதால் டயஃப்ரம் தறிகெட்டு ஆடும். 12 டெசிபெல் கட்டாயம், 24 நல்லது.

போல்ட் பொருந்தினால் போதும் என்பது

1.4 இஞ்ச் டிரைவர்களும் 2 இஞ்ச் டிரைவர்களும் பல நேரம் ஒரே 102 மி.மீ. நான்கு துளை அமைப்பில் வருகின்றன. 36 மி.மீ. வாயை 51 மி.மீ. தொண்டையில் பூட்டினால் இடையில் ஒரு படி உருவாகி, ஒலி அங்கேயே மோதித் திரும்பும். மேல் அதிர்வெண்கள் கரடுமுரடாகிவிடும். துளையை அல்ல, தொண்டையின் விட்டத்தை அளந்து வாங்குங்கள்.

சப்வூஃபரை டூ-வேயில் போடுவது

கூடாது. கனமான கோன், பெரிய இண்டக்டன்ஸ் (மேல் அதிர்வெண்களைத் தடுக்கும் சுருளின் குணம்). அது 1 கிலோஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக ஏறாது.

ஹார்னின் சத்தத்தை அடக்காமல் விடுவது

வூஃபரின் சென்சிடிவிட்டி 97, டிரைவருடையது 108 என்றால் 10 டெசிபெல்லுக்குக் குறையாமல் இறக்க வேண்டும். 8 ஓம் டிரைவருக்கு, கிராஸ்ஓவர் சுற்றுக்குப் பின் 5.6 ஓம் ரெசிஸ்டர் சீரிஸில், அதன் பிறகு டிரைவருக்குக் குறுக்கே 3.9 ஓம். சீரான கோணம் தரும் ஹார்ன்களில் 3, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சரியும். 5.6 ஓமுக்குக் குறுக்கே 2.2 முதல் 4.7 மைக்ரோஃபாரட் வரை கெப்பாசிட்டர் வைத்து அளந்து பாருங்கள். உச்ச அதிர்வெண்களில் ஆம்ப் காணும் ஓம் அப்போது குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆக்டிவ்தானே என்று கெப்பாசிட்டரை விடுவது

ஆக்டிவ் என்றால் டிரைவருக்கு நேராகத் தனி ஆம்ப். அந்த ஆம்பை ஆன் செய்யும்போது வரும் ஒரு 'டப்' போதும், டயஃப்ரம் போய்விடும். 40 மைக்ரோஃபாரட் சீரிஸில் போடுங்கள். 8 ஓமில் அது வெட்டத் தொடங்கும் இடம் 500 ஹெர்ட்ஸ்.

ஹார்னுக்கும் வூஃபருக்கும் நடுவே இடைவெளி

விடாதீர்கள். விளிம்போடு விளிம்பு.

ஹார்னின் ஆழத்தை மறப்பது

ஹார்னின் டயஃப்ரம் வூஃபரின் கோனை விட 150 மி.மீ. பின்னால் இருந்தால் ஒலி 0.44 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். டிஎஸ்பி இருந்தால் வூஃபருக்கு அந்தத் தாமதத்தைக் கொடுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, டிரைவரின் போலாரிட்டியை (ப்ளஸ், மைனஸ்) தற்காலிகமாகத் திருப்பி, கிராஸ்ஓவர் இடத்தில் பள்ளம் மிக ஆழமாக விழும்வரை தாமதத்தை நகர்த்துங்கள். பிறகு வயரைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.