நகராட்சி வெளிப்பணிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மரமும் தவளையும் பறவையும் பிழைக்க

புல் வெட்டுவது, கிளை கழிப்பது, கால்வாய் தூர்வாருவது, குழாய் பதிக்கத் தோண்டுவது எல்லாம் நகரத்தில் அன்றாடம் நடக்கும் வேலைகள். நகரத்துப் பறவைகளும் தவளைகளும் வண்டுகளும் பிழைப்பது இந்த வேலைகள் நடக்கும் விதத்தைப் பொறுத்தது. இதில் நேரும் சேதத்தை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வேலை ஆணையில் ‘சுத்தம் செய்க’ என்று ஒற்றை வரி இருக்கும். எவ்வளவு உயரம், எந்த மாதம், எந்த ஓரத்தை விட வேண்டும் என்று எதுவும் இருக்காது. களத்தில் இருப்பவர் கண்ணில் படுவதையெல்லாம் வழித்துவிடுகிறார்.

மரத்தடியில்

வேர் ஆழத்தில்தானே இருக்கிறது, மேலே கொஞ்சம் தோண்டினால் என்ன என்ற நினைப்புதான் மரங்களுக்கு முதல் எமன். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், 30 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கிறது. பக்கவாட்டில் அது கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டி ஓடும்.

தோண்டும் முன் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதை 12-ஆல் பெருக்குங்கள். விட்டம் 40 செ.மீ. என்றால் 4.8 மீட்டர் வரும். மரத்தைச் சுற்றி அந்த ஆரத்துக்குள் பொக்லைன் நுழையக்கூடாது; ஜல்லி, மணல் கொட்டக்கூடாது; வண்டி நிறுத்தக்கூடாது. வேறு வழியே இல்லையென்றால் கையால் தோண்டி, பெரிய வேர்களுக்கு அடியில் குழாயை நுழையுங்கள். வெட்டியே ஆக வேண்டிய சிறு வேரைக் கூர்மையான ரம்பத்தால் நேராக அறுக்க வேண்டும். பொக்லைன் இழுத்துப் பிய்த்த வேர் உள்ளே வெகுதூரம் கிழிந்துபோகும். கிழிந்த இடத்தில் அழுகல் ஏறும். வண்டி ஏறி மண் இறுகுவதும் இதே அளவு கேடு, ஏனென்றால் மண்ணின் துளைகள் அடைபட்டு வேருக்குக் காற்றும் நீரும் போகாது. மரம் பட்டுப்போக இரண்டு, மூன்று வருடங்கள்கூட ஆகலாம் என்பதால் பழைய பள்ளத்தை யாரும் காரணமாகப் பார்ப்பதில்லை.

நைலான் நரம்பு சுழலும் கைப்புல்வெட்டியையும் மரத்தோடு ஒட்டிக் கொண்டுபோகக் கூடாது. இலையில் தயாராகும் உணவை வேருக்கு இறக்குவது பட்டையின் உட்புறமுள்ள மெல்லிய அடுக்கு. இளங்கன்றுகளில் நரம்பு நாலைந்து முறை பட்டாலே அது வளையமாக அறுந்து, வேர் பட்டினியால் சாகும். கன்றைச் சுற்றி அரை மீட்டருக்குப் புல்லை எடுத்துவிட்டு, மரத்தூளோ சருகோ 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் போட்டால், அங்கே இயந்திரம் போகவே தேவையிருக்காது. மூடாக்கை அடிமரத்தோடு சேர்த்துக் குவிக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும்.

கிளை கழிக்கும்போது

கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில் சற்றே புடைத்த ஒரு மடிப்பு தெரியும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்ந்து வருகிறது. அடிமரத்தோடு வழித்து வெட்டினால் அந்த மடிப்பு போய்விடும்; நீளமாகக் குச்சி விட்டால் குச்சி காய்ந்து அழுகல் உள்ளே இறங்கும். கனமான கிளைக்கு மூன்று வெட்டு வேண்டும். மடிப்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அடியிலிருந்து கால்வாசி கனத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை இங்கே விழும். மிஞ்சிய குச்சியை மடிப்புக்கு வெளிப்பக்கமாக மூன்றாவது வெட்டில் எடுக்க வேண்டும். முதல் வெட்டு இல்லாவிட்டால், கிளை விழும் பாரத்தில் பட்டை கீழே வரை உரிந்துவிடும். காயத்தில் தாரோ பெயின்ட்டோ பூசுவதால் பயனில்லை. உச்சியை மொட்டையடித்தால் பிறகு தழைக்கும் கிளைகள் பிடிமானம் இல்லாமல் காற்றில் முறிந்து விழும்.

ரம்பத்தை எடுக்குமுன் பத்து நிமிடம் மரத்தைச் சும்மா பாருங்கள். அலகில் இரையோடு ஒரு பறவை அதே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே குஞ்சு இருக்கிறது. ஆபத்தான கிளையாக இல்லாவிட்டால் அந்த வேலையை ஒத்திப்போடலாம். பொந்துள்ள கிளை விலைமதிப்பற்றது. ஆந்தையும் கிளியும் வௌவாலும் தங்குமளவுக்கு ஒரு பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும், சில மரங்களில் நூறு வருடத்துக்கும் மேல். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பட்ட மரத்தை வேரோடு சாய்க்க வேண்டாம். விழக்கூடிய கிளைகளை மட்டும் எடுத்துவிட்டு நடுமரத்தை நிற்க விடுங்கள்.

புல்வெளியில்

தரையோடு ஒட்ட வெட்டுவதும் பூங்காவை வெளிப்புறமிருந்து வட்டமாகச் சுற்றி உள்நோக்கி வெட்டுவதும் வழக்கமான தவறுகள். வட்டம் சுருங்கச் சுருங்க, ஓணானும் தவளையும் நடுவில் மிஞ்சிய புல்லுக்குள் ஒதுங்கி, கடைசிச் சுற்றில் பிளேடில் மாட்டுகின்றன. நடுவில் தொடங்கி வெளிநோக்கி வெட்டினால் அவை புதருக்குத் தப்பிவிடும். பிளேடை 7 செ.மீ.க்குக் கீழே இறக்க வேண்டாம். வேலியோரத்தில் நீளவாக்கில் ஒரு துண்டுப் புல்லை வெட்டாமல் விட்டுவைத்து, அடுத்த முறை வேறொரு துண்டை விடுங்கள்.

இயந்திரத்தைக் கழுவாமல் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது களையை நாமே விதைப்பது. ஒரே பார்த்தீனியம் செடி பல்லாயிரம் விதை விடும். பிளேடு மூடியின் அடியில் ஒட்டிய ஈரப்புல்லில் அவை ஊருக்குள் பயணம் போகின்றன. கிளம்புமுன் அதே இடத்தில் பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துவிட வேண்டும்.

நீர்நிலையில்

இரு கரைகளையும் ஒரே நாளில் மழிப்பதால் கால்வாயின் உயிர்களுக்கு ஒதுங்க இடமில்லாமல் போகிறது. இந்த வருடம் ஒரு கரை, அடுத்த வருடம் மறுகரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அள்ளிய செடியையும் சேற்றையும் உடனே லாரியில் ஏற்றாமல், ஒரு நாள் நீர்விளிம்பில் வைத்தால் நத்தையும் தும்பியின் இளம்புழுக்களும் நீருக்கு ஊர்ந்து திரும்பும்.

கொசுவுக்காகக் குளங்களில் கம்பூசியா மீனை விடுவது பெரிய தவறு. அது தலைப்பிரட்டைகளையும் மற்ற மீன்களின் குஞ்சுகளையும் தின்னும். விட்ட பிறகு பிடித்து ஒழிப்பது மிகக் கடினம். தேங்கிய நீரை வடிய வைப்பதும், முடியாத இடத்தில் கொசுப்புழுவைக் குறிவைக்கும் பி.டி.ஐ. பாக்டீரியா மருந்தும் பாதுகாப்பான வழிகள். சிமென்ட் கலவை கழுவிய நீரின் காரத்தன்மை பி.எச். 12-ஐத் தாண்டும், மழைநீர் வடிகாலில் விட்டால் மீன் சாகும். களைக்கொல்லியையும் வடிகால் ஓரத்தில் தெளிக்க வேண்டாம்.

இரவில் திறந்து கிடக்கும் பள்ளத்தில் ஒரு பலகையைச் சரிவாகச் சாய்த்து வையுங்கள். விழுந்த உயிர் ஏறி வந்துவிடும். ஆனாலும் காலையில் மண் தள்ளுமுன் உள்ளே பார்த்துவிட வேண்டும்.

கூலிக் கணக்கையும் கவனியுங்கள். தூர்வாரிய மண்ணை லோடு கணக்கில் அளந்து பணம் கொடுத்தால் கரையும் சேர்ந்து சுரண்டப்படும். நீளத்தையும் ஆழத்தையும் விட வேண்டிய கரையையும் ஆணையில் எழுதி, அதன்படி அளந்து பில் போடுங்கள்.