சாமுவேல் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவர் ஞாயிறு வந்தால் நம் சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் கடவுள் இரவில் பெயர் சொல்லி அழைத்த வேதாகமச் சிறுவன் சாமுவேலின் நாடகத்துக்குப் பஞ்சமே இருக்காது. பாய் விரித்திருக்கும். பஞ்சுத் தாடி ஒட்டிய ஆசாரியர் ஏலி ஒருபக்கம் படுத்திருப்பார். வெள்ளைச் சட்டை போட்ட சின்னப் பையன், கடவுளின் குரலை அவர் குரல் என்று நினைத்து, மூன்று முறை எழுந்து அவரிடம் ஓடுவான். நான்காவது முறை "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்றதும் கைதட்டல், வாட்ஸ்அப் குழுவில் படம், அப்புறம் பிரியாணி.

அந்த வசனத்தோடு கதையை முடித்துவிடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. 1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தில் 21 வசனங்கள் இருக்கின்றன. பையன் "சொல்லும்" என்பது 10ஆம் வசனத்தில். கடவுள் என்ன சொன்னார் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. ஏலியின் குடும்பத்தின் மேல் நியாயத்தீர்ப்பு வரப்போகிறது, பலியாலும் காணிக்கையாலும் அது நீங்காது என்கிற செய்தி அது. சாமுவேல் விடியும்வரை படுத்தே இருக்கிறான். எழுந்து ஆலயக் கதவுகளைத் திறக்கிறான். ஏலியிடம் சொல்லப் பயப்படுகிறான். அவர் வற்புறுத்திக் கேட்ட பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறான்.

தன்னை வளர்த்தவரிடமே போய் அவருடைய வீட்டுக்கு வரப்போகும் அழிவைச் சொல்வது ஒரு சிறுவனுக்கு எவ்வளவு பெரிய பாரம்! இதை வெட்டிவிட்டுச் சொன்னால், கடவுள் பேசினால் இனிமையாகத்தான் பேசுவார், கேட்பவருக்குப் பாராட்டு கிடைக்கும் என்றுதான் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் நியாயத்தீர்ப்பை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, சரி. ஆனால் "சாமுவேலுக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் உண்மையைச் சொன்னான்" என்ற ஒரு வரிகூடவா அவர்களுக்குக் கனமாகிவிடும்?

அழைப்புக்கு முன்பே தொடங்கிய ஊழியம்

அடுத்த தவறு, ஊழியம் அந்த இரவில்தான் தொடங்கியது என்பதுபோலச் சொல்வது. வேதத்தில் வரிசையே வேறு. சாமுவேலின் தாய் அன்னாள், பால் மறந்த பிள்ளையை ஏலி இருந்த சீலோவுக்குக் கொண்டுவந்து விடுகிறாள். எப்பிராயீம் மலைநாட்டில், எருசலேமுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருந்த ஊர் அது. 2ஆம் அதிகாரத்திலேயே அவன் ஏபோத் என்னும் சணல்நூல் ஊழிய உடுப்பை அணிந்து பணிவிடை செய்துகொண்டிருக்கிறான். 3ஆம் அதிகாரத்தின் முதல் வசனமும் அதையே மறுபடி சொல்கிறது. கடவுளின் குரல் அதற்கு அப்புறம்தான் கேட்கிறது. அவன் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான் என்று 7ஆம் வசனம் வெளிப்படையாகவே சொல்கிறது. தரிசனம் எதுவும் கிடைக்காமல், யாரும் பெயர் சொல்லி அழைக்காமல், அவன் பல காலம் வேலை செய்திருக்கிறான்.

என்ன வேலை? கதவு திறந்ததுதான் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. அத்தனை பெரிய செய்தியைக் கேட்ட மறுநாள் காலையிலும் அவன் கை அதைத்தான் செய்கிறது. இந்த அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். நாடகத்தில் இதை யாரும் நடிப்பதில்லை. கதவு திறப்பதில் நடிக்க என்ன இருக்கிறது?

நம்மிடையே பிள்ளைகளின் ஊழியம் என்றாலே மேடைதான். பாட்டு, நடனம், மனப்பாட வசனம், கீபோர்டு. அவை தவறில்லை. வீட்டில் முழுக்க ஆங்கிலம் பேசும் பிள்ளை தமிழில் ஒரு சங்கீதத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்து முடிப்பது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் கைதட்டல் கிடைக்கும் வேலையை மட்டும் ஊழியம் என்று பழக்கினால், கைதட்டல் நிற்கும் வயதில் பிள்ளையும் நின்றுவிடும். பாட்டுப்புத்தகங்களை அடுக்குவது, சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்கு மின்தூக்கியைப் பிடித்து வைப்பது, தங்கும் விடுதிகளிலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் ஊழியர் அண்ணன்மாருக்கு முதலில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது என்று எத்தனையோ இருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு ஒரு வேலை என்று கொடுத்து, வாரா வாரம் அதே வேலையைச் செய்யவிடுங்கள். படம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குரல் கேட்டதும் சாமுவேல் ஓடியது கடவுளிடம் அல்ல, கண் மங்கிய ஒரு பெரியவரிடம். தூக்கத்திலிருந்து எழுந்து மூன்று முறை ஓடுகிறான். ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நம் அடுக்குமாடி வீடுகளில் இரவில் தாத்தா கூப்பிட்டால் பெரும்பாலும் எழுந்து போவது யார்? பணிப்பெண். சபையில் கீபோர்டு வாசிக்கும் பேரனுக்குக் காதில் ஹெட்போன். சாமுவேலின் ஊழியத்தில் இந்தப் பாதியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கற்றுக்கொடுப்பது எனக்கு வேடிக்கையாகவே தெரிகிறது.

அன்னாளின் பொருத்தனையைப் பேரமாக்குவது

"பி.எஸ்.எல்.இ.யில் (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில்) நல்ல மதிப்பெண் வந்தால் பிள்ளையை ஊழியத்துக்கு விடுகிறேன்" என்று பொருத்தனை செய்யும் பெற்றோருக்கு அன்னாள்தான் ஆதாரம். ஆனால் பிள்ளையில்லாத அன்னாள், கடவுள் ஒரு மகனைத் தந்தால் அவனையே, அதாவது தனக்குக் கிடைக்கப்போவதையே, திருப்பித் தருவதாகச் சொன்னாள். மதிப்பெண்ணைப் பெற்றோர் வாங்கிக்கொண்டு, விலையைப் பிள்ளை தலையில் வைப்பது வேறு கணக்கு. வளர்ந்த பிறகு அந்தப் பையன் தாதியாகவோ பொறியாளராகவோ ஆக விரும்பினால், அப்பா அம்மாவின் வாக்கை மீறிய குற்ற உணர்ச்சி அவனுக்கு எதற்கு?

பிள்ளையைச் சபையில் ஒப்படைத்துவிட்டால் மீதியை ஞாயிறு பள்ளி ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பதும் அன்னாளைச் சரியாக வாசிக்காததால்தான். அவள் வருடந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு சீலோவுக்கு வருகிறாள். வளரும் பிள்ளைக்கு அளவு மாறும் அல்லவா? கண்ணால் பார்க்க முடியாத பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று யோசித்துத் தைத்திருக்க வேண்டும். பின்னால் அவளுக்கு மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தார்கள். ஒப்படைத்ததும் அவள் விலகிவிடவில்லை.

ஏலியையும் அவர் பிள்ளைகளையும் கையாளும் விதம்

ஏலி பிள்ளைகளைக் கண்டிக்கவே இல்லை என்று பல பிரசங்கங்களில் கேட்கலாம். அது முழு உண்மையல்ல. 2ஆம் அதிகாரம் 23 முதல் 25 வரை படியுங்கள். அவர் நன்றாகவே கண்டிக்கிறார். ஆனால் அவருடைய மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்களாகவே தொடர்ந்தார்கள். வாயால் திட்டினாரே தவிர அவர்களைத் தடுக்கவில்லை, அதுதான் அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. பலியிட வந்த மக்களிடம் பச்சை இறைச்சியைக் கேட்பது, தராவிட்டால் பலவந்தமாக எடுப்போம் என்று மிரட்டுவது, வழிபாட்டு இடமான ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் இருந்த பெண்களிடம் முறைகேடாக நடப்பது எல்லாமே ஊழிய உடுப்போடு நடந்தன. சிறுவன் சாமுவேல் வளர்ந்ததும் இதே வளாகத்தில்தான்.

அதனால் இந்தக் கதையை வைத்து "பெரியவர்கள் என்ன சொன்னாலும் கீழ்ப்படிய வேண்டும்" என்று சொல்லிக்கொடுப்பது மிக ஆபத்தான தவறு. இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். சபையில் பொறுப்பில் இருப்பவர் எல்லாரும் நல்லவர் என்று 1 சாமுவேல் எங்கும் சொல்லவில்லை. அதற்கு நேரெதிராகச் சொல்கிறது. ஒரு பெரியவர் தவறாக நடந்தால் அதை வீட்டில் வந்து சொல்வது கீழ்ப்படியாமை அல்ல என்பதைப் பிள்ளைகளிடம் இந்தப் பாடத்திலேயே சொல்லிவிடுங்கள். வகுப்பறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது ஏலி செய்ததைவிட மோசம். அவராவது வாயைத் திறந்தார்.

அதற்காக ஏலியை வெறும் வில்லனாகக் காட்டவும் கூடாது. பையனைக் கூப்பிடுவது கர்த்தர் என்று கண்டுகொண்டவர் அவர்தான். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். இத்தனை வருடம் ஆசாரியனாக இருக்கிற என்னிடம் பேசாமல் இந்தப் பொடியனிடமா என்று அவர் கேட்கவில்லை. தனக்கு எதிரான செய்தியைக் கேட்டபோதும் "அவர் கர்த்தர்" என்று ஏற்றுக்கொண்டார். தன் வீட்டில் தோற்றவர் இன்னொருவர் பிள்ளைக்கு நல்ல வழிகாட்டியாக இருக்க முடியும் என்பது நம் மூத்த உறுப்பினர்கள் பலருக்கு ஆறுதல் தரும் செய்தி.

பரீட்சை வருடத்தில் எல்லாவற்றையும் நிறுத்துவது

சாமுவேலுக்கு அன்று எத்தனை வயது என்று வேதம் சொல்லவில்லை. 1ஆம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் 12 என்கிறார். அதாவது நம்மூர்த் தொடக்கநிலை 6 பிள்ளையின் வயது. அந்த வருடத்தில்தான் பல வீடுகளில் ஞாயிறு பள்ளிக்கு விடுப்பு, அதே நேரத்தில் துணைப்பாட வகுப்பு. படிப்பைக் கவனிக்க வேண்டும் என்பதை மறுக்க முடியாது. உயர்நிலைப் பள்ளி அதை வைத்துத்தான் கிடைக்கிறது. நாடகப் பயிற்சி, பாடகர் குழு, முகாம் எல்லாவற்றையும் தாராளமாக நிறுத்துங்கள். அந்த ஒரு சின்ன வேலையை மட்டும் விட்டுவையுங்கள். புத்தகம் அடுக்க ஞாயிற்றுக்கிழமையில் பத்து நிமிடம் போதும்.

நல்ல வளர்ப்புக்கு உத்தரவாதம் தேடுவது

கடைசியாக, மூத்த வகுப்புப் பிள்ளைகளிடம் 8ஆம் அதிகாரத்தை மறைப்பது. சாமுவேலின் மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து லஞ்சம் வாங்கினார்கள். அவர்களை நியமித்ததே சாமுவேல்தான். அவர் ஊரான ராமாவில் மூப்பர்கள் கூடிவந்து, உமது குமாரர் உம்முடைய வழிகளில் நடக்கிறதில்லை என்று முதியவரான அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். அன்று ஏலி இருந்த இடத்தில் இப்போது அவர்.

பக்தியாக வளர்த்தால் பிள்ளை கட்டாயம் பக்தியாக வரும் என்று கற்றுக்கொடுத்துவிட்டு இந்த அதிகாரத்தை வாசித்தால் எல்லாம் சரிந்துவிடும். உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் "அப்போ சாமுவேலும் தப்பாக வளர்த்தாரா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஏலியைக் கண்டித்ததுபோல் சாமுவேலைக் கடவுள் கண்டித்ததாக அங்கே எழுதியில்லை; மகன்கள் ஏன் அப்படி ஆனார்கள் என்ற காரணமும் இல்லை. ஆசிரியர் அதை அப்படியே சொல்லலாம். இல்லாத காரணத்தைக் கற்பித்துச் சொன்னால், பிள்ளை சபைக்கு வராமல் போன பெற்றோர் யாராவது பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.