கிண்டலாகச் சொன்ன உண்மை: கதையில் எங்கே சொதப்புகிறது?

"பத்திரம் எங்கேடா?" என்று அக்கா கேட்கிறாள். தம்பி செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறான்: "நேத்து ராத்திரி உக்காந்து ஒவ்வொரு தாளா எரிச்சேன். எனக்கு வேற வேலை இல்ல பாரு." அக்கா, "உன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று முனகிக்கொண்டே அடுத்த அலமாரியைத் திறக்கிறாள். பத்திரம் நிஜமாகவே சாம்பலாகிவிட்டது.

கதை எழுதுகிறவர்களுக்கு ஆசை காட்டும் உத்தி இது. ஒரே வாக்கியத்தில் ரகசியமும் வெளியே வந்துவிடும், ரகசியமாகவும் இருந்துவிடும். பொய்களை ஆராய்ந்த உளவியலாளர் பால் எக்மன், 1985இல் வெளியான தன் நூலில் பொய் சொல்லும் வழிகளைப் பட்டியலிடும்போது இதையும் சேர்த்திருக்கிறார்: உண்மையை, எதிராளி நம்பாதபடி சொல்வது. சொன்னது உண்மைதான் என்றாலும் செய்தது ஏமாற்று வேலை என்பது அவர் கணக்கு. பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதிப் பார்த்தால் பத்தில் எட்டு முறை சொதப்புகிறது. எட்டு என்பது என் கதைகளை வைத்துச் சொல்கிற கணக்கு.

பெரிய தவறு, எல்லா உழைப்பையும் பேசுகிறவன்மேல் கொட்டுவது. அவனுக்கு நல்ல நக்கலான வசனம் எழுதிக் கொடுத்துவிட்டால் காட்சி நின்றுவிடும் என்று நினைத்துவிடுகிறோம். நிற்காது. கேட்கிறவர் ஏன் நம்பவில்லை என்பதில்தான் அந்தக் காட்சியின் உயிர் இருக்கிறது. கிரேக்கப் புராணத்தில் வரும் கசாண்ட்ரா நடக்கப்போவதை அப்படியே சொல்கிறாள், ஒருவரும் நம்புவதில்லை. அங்கே அப்போலோ தெய்வத்தின் சாபம் என்று ஒரு காரணம் இருக்கிறது. நம் கதையில் சாபம் கொடுக்கத் தெய்வம் கிடையாது, ஆகவே நம்பாமைக்கான காரணத்தை எழுதுகிறவர்தான் முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும்.

அதை எங்கிருந்து கட்டுவது? பெரும்பாலும் பேசுகிறவனைப் பற்றி மற்றவர்கள் மனத்தில் இருக்கிற படத்திலிருந்து. டென்மார்க் தத்துவவாதி கீர்க்கெகார் 1843இல் எழுதியதில் ஒரு சின்னக் கதை வருகிறது. நாடக அரங்கின் பின்புறத்தில் தீப்பிடித்துவிடுகிறது. எச்சரிக்க மேடைக்கு வந்தவன் கோமாளி. அவன் சொன்னதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு கூட்டம் கைதட்டுகிறது. திரும்பச் சொல்கிறான், கைதட்டல் இன்னும் பலமாகிறது. அந்தக் கோமாளி கிண்டலே செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் போட்டிருந்த வேஷமே போதுமானதாக இருந்தது. நம் தம்பிக்கும் அப்படி ஒரு வேஷம் வேண்டும். முன்னால் இரண்டு மூன்று இடங்களில் அவன் எதைக் கேட்டாலும் குதர்க்கமாகவே பதில் சொல்கிறவன் என்று காட்டியிருக்க வேண்டும். சாவி எங்கே என்றால், "வித்துட்டேன்." ஏன் லேட் என்றால், "நிலாவுல இறங்கிட்டு வந்தேன்." அந்தப் பதில்கள் பொய்யாகவும் அற்பமாகவும் இருக்கட்டும். கதை முழுக்க ஒழுங்காகப் பேசிவிட்டு, பத்திரம் விஷயத்தில் மட்டும் முதல் முறையாக ஒருவன் நக்கலடித்தால், அக்காவை விடுங்கள், வாசகருக்கே மூக்கு வேர்த்துவிடும்.

இதிலேயே ஒட்டிக்கொண்டு வருகிற இன்னொரு தவறு, கேட்கிறவரை முட்டாளாக்கிவிடுவது. விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரியிடம் குற்றவாளி, "ஆமா சார், நான்தான் கொன்னேன், பொழுது போகல" என்கிறான். அதிகாரி சிரித்துக்கொண்டே போய்விடுகிறார். ஏன் போகிறார்? சந்தேகப்படுவதற்குத்தானே அவருக்குச் சம்பளம்? அந்த வாக்கியத்தை அவர் குறித்துக்கொள்வார், நேரம் போட்டுக் குறித்துக்கொள்வார். அதிகாரியை அப்படிச் சிரிக்க வைக்க வேண்டுமென்றால், அவர் ஏற்கெனவே வேறொருவனைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டார், இவனிடம் சம்பிரதாயத்துக்குத்தான் கேட்கிறார் என்று முன்பே காட்ட வேண்டும். சாதாரணமாக ஒருவர் நம்ப மறுப்பது, நம்பினால் தனக்கு வலிக்கும் என்பதால், அல்லது நம்பினால் வேலை கூடும் என்பதால். அக்காவுக்கு இரண்டுமே பொருந்தும். தம்பி எரித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டால், அவள் இத்தனை வருஷம் அவனைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் வாதாடியதெல்லாம் வீண்.

அப்புறம் வசனம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. நம் மொழியில் கிண்டலை ஏற்ற விகுதிகளே கைவசம் உண்டு, அவற்றில் சில உண்மையைக் கெடுத்துவிடும். "நான்தான் எரிச்சேனாம்" என்று தம்பி சொன்னால், அது ஊரார் சொல்வதை அவன் எடுத்துச் சொல்வதாகிவிடுகிறது. அந்த 'ஆம்' வந்ததுமே கூற்று அவனுடையது இல்லை. "நானா எரிச்சேன்?" என்றால் அது கேள்வி, கிட்டத்தட்ட மறுப்பு. "நானாக்கும் எரிச்சேன்!" என்பதும் மறுப்புப் பக்கம்தான் சாயும். இவற்றில் எதிலும் அவன் உண்மையைச் சொல்லவே இல்லை. "எரிச்சேன்" என்ற வினைமுற்று எந்த ஒட்டும் இல்லாமல், வெறுமனே நிற்க வேண்டும். கிண்டலை அதற்கு வெளியே தொங்கவிட வேண்டும்: முன்னால் ஒரு "ஆமாமா", பின்னால் ஒரு "வேற வேலை இல்ல பாரு". என்னைக் கேட்டால் பின்னால் வருவதுதான் நல்லது. உண்மை முதலில் காதில் விழுந்து, ஒரு நொடி நெஞ்சு திடுக்கிட்டு, அப்புறம் வால் வந்து அதைத் துடைத்துவிட்டுப் போகும்.

அந்த வாலும் பொய்யாக இருக்கக் கூடாது. இதில் நான் கொஞ்சம் கறார். "ஆமா, எரிச்சேன். அப்படியே வீட்டையும் எரிச்சேன், பக்கத்து வீட்டையும் எரிச்சேன்" என்று அடுக்கினால் சிரிப்பு வரலாம். ஆனால் பாதி பொய் கலந்த வாக்கியத்தை யாரும் நம்பாததில் என்ன அதிசயம்? வாசகர் திரும்பி வந்து படிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் செல்லுபடியாக வேண்டும். தம்பிக்கு நிஜமாகவே வேறு வேலை இல்லை, மூன்று மாதமாக வீட்டில்தான் இருக்கிறான் என்று கதையில் எங்கோ ஒரு வரி இருந்தால், அந்த வால்கூட வாக்குமூலத்தில் சேர்ந்துவிடும். தமிழ் இலக்கணம் படித்தவர்கள் இதை வஞ்சப்புகழ்ச்சியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கயவரைத் தேவரோடு ஒப்பிடும் குறளில் சொல் புகழ்கிறது, பொருள் பழிக்கிறது, கேட்கிறவருக்கு அது புரிந்தாக வேண்டும், புரியாவிட்டால் அணி தோற்றது. இங்கே தலைகீழ். சொல்லும் பொருளும் ஒன்றேதான், தொனி மட்டும்தான் பொய். கேட்கிறவருக்குப் புரிந்துவிட்டால்தான் தோல்வி.

தொனியைத் தாளில் எப்படிக் காட்டுவது என்ற கவலையில் பலர் "என்று கிண்டலாகச் சொன்னான்", "நக்கலான புன்னகையோடு கூறினான்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆச்சரியக்குறி மூன்று போடுகிறவர்களும் உண்டு. 'கிண்டலாக' என்று கதைசொல்லியே சான்றிதழ் கொடுத்துவிட்டால் அதில் ஒரு சின்ன மோசடி இருக்கிறது: அவன் கிண்டல் செய்யவில்லை, கிண்டல் போல் தோன்ற வைத்தான். பின்னால் உண்மை தெரிந்ததும் வாசகர் கதைசொல்லியின்மேலேயே கோபப்படுவார். செய்கையை மட்டும் எழுதினால் போதும். செல்போனிலிருந்து தலையைத் தூக்காதது ஒரு செய்கை. அதற்கு அலட்சியம் என்றும் பொருள் சொல்லலாம், கண்ணைப் பார்க்க முடியவில்லை என்றும் சொல்லலாம். இரண்டு பொருளும் பொருந்துகிற செய்கையாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

வாசகருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்யாமலே எழுதுவதும் நடக்கிறது. பத்திரம் எரிவதை முதலிலேயே காட்டிவிட்டால், அந்த வசனம் வரும்போது வாசகருக்குப் பதைப்பு. காட்டாமல் விட்டால், வாசகரும் அக்காவோடு சேர்ந்து ஏமாறுகிறார், பிறகு திரும்பிப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொள்கிறார். இரண்டில் எதுவும் சரி. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, "அவன் சொன்னது உண்மை என்று பாவம் அவளுக்குத் தெரியாது" என்று கண்ணடிப்பதுதான் ஆகாது. பதைப்பும் போச்சு, ஆச்சரியமும் போச்சு. ஒரே கதையில் இரண்டாவது முறை இதே உத்தியைப் பயன்படுத்தினாலும் இதே கதிதான்.

தம்பி ஏன் உண்மையைச் சொன்னான் என்பதை யோசிக்காமல் விடுவதும் வழக்கம். "தெரியலக்கா" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாமே. திமிரா, பொய் சொல்ல நாக்கு வராத பழக்கமா, சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்ற நினைப்பா, இல்லை பிடிபட வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசையா? வாசகருக்குச் சொல்லாவிட்டாலும் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் உண்மை வெளிப்படுகிற நாளில் இதுதான் காட்சியைத் தாங்கும்.

அந்த நாளைத்தான் பலர் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். ரகசியம் உடைந்ததும் கதை வேறு திசையில் ஓடிவிடுகிறது. கேட்டும் நம்பாமல் போனவருக்கு அப்போது வருகிற வலி தனி ரகம். பொய் சொல்லியிருந்தால் திட்டலாம், இவன் சொல்லிவிட்டானே. என் முதல் வரைவில் தம்பி, "நான்தான் அன்னைக்கே சொன்னேனேக்கா" என்று வெற்றிச் சிரிப்பு சிரித்தான். அதை அடித்துவிட்டேன். இப்போது அக்கா கொல்லைப்பக்கம் போகிறாள். சாம்பலைக் குச்சியால் கிளறுகிறாள். முத்திரைத்தாளின் ஓரம் ஒன்று, நகத்தளவு, கருகாமல் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து தம்பி முன்னால் வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்கிறாள்: "ஒவ்வொரு தாளாவாடா?"