சிங்கப்பூருக்குச் சுற்றுலா வருபவர்களுக்கு: ஊரில் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டியவை

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூர் நான்கு மணி நேரப் பயணம்தான். பக்கத்து ஊருக்குப் போவதுபோல் பலர் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் சாங்கி விமான நிலையத்தில் ஏற்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஊரிலேயே, ஒரு படிவத்தை அவசரமாக நிரப்பும்போது தொடங்கியவை. மகன், மகள் வீட்டுக்கு வரும் பெற்றோரையும் முதன்முறை வெளிநாடு வரும் குடும்பங்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

பாஸ்போர்ட் நீங்கள் இங்கே வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். இலங்கை, மலேசியப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. ஆனால் கீழே சொல்லும் வருகை அட்டை, மருந்து, சுங்க விதிகள் எல்லாருக்கும் பொருந்தும்.

விசா விண்ணப்பம்

இந்தியாவில் இருப்பவர்கள் சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரித்த முகவர் வழியாக விண்ணப்பிக்கலாம். இங்கே உறவினர் இருந்து, அவர் 21 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், சிங்கப்பூர் அரசின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் வழியாக அவரே விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியில் இருக்கும் மகனோ மகளோ அப்படி விண்ணப்பிக்க முடியாது. இது தெரியாமல் கடைசி வாரம்வரை காத்திருந்து, பிறகு முகவரைத் தேடி ஓடுவது அடிக்கடி நடக்கிறது. கட்டணம் 30 வெள்ளி. டாலரை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வார்கள். விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. முகவரின் கூலி தனி. பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். பெரும்பாலும் மூன்று வேலை நாளில் முடிவு வந்துவிடும். ஆனாலும் இரண்டு வாரம் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்தது. அப்பா வெள்ளைச் சட்டையில் போய் நின்றால் தோளும் பின்னணியும் ஒன்றாகிப் படம் தெளிவில்லாமல் போகும். நிறச் சட்டை போடச் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். பலரது இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். இன்னும் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். விமான நிறுவனத்தின் இணையதளம் இரண்டு பெயரும் கேட்கும் என்பதால், டிக்கெட் போடும்போது சிலர் இனிஷியலை இரண்டாவது கட்டத்தில் போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒற்றைப் பெயரை எப்படி எழுதுவது என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி முறை உண்டு. அதைக் கேட்டு அதன்படி போடுங்கள். விசாவிலும் வருகை அட்டையிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் எண்ணில் முதலில் வருவது ஆங்கில எழுத்து, அதன்பின் ஏழும் எண்கள். ஆகவே நடுவில் வருவது சுழியம்தான், ‘ஓ’ என்ற எழுத்து அல்ல. விசா வந்தபின் அதை அச்செடுத்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, பெயர், எண், பிறந்த தேதி மூன்றையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் ஊரில் இருக்கும்போதே திருத்தலாம். விமான நிறுவனக் கவுன்ட்டரில் தெரியவந்தால் ஏற விடமாட்டார்கள்.

வருகை அட்டையும் இ-பாஸும்

நாட்டுக்குள் வருமுன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையான எஸ்ஜி அரைவல் கார்டு என்பது விசா அல்ல. விசா இருந்தாலும் இதைத் தனியாக நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் ஒன்று வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். 15ஆம் தேதி இறங்குகிறீர்கள் என்றால் 13ஆம் தேதி முதல். 14ஆம் தேதி இரவு ஏறி 15ஆம் தேதி காலை இறங்குபவர்கள், ஏறும் தேதியைப் போட்டுவிடுவது வழக்கமான பிழை. அங்கே கேட்பது சிங்கப்பூர் நேரப்படி இறங்கும் தேதி. சிங்கப்பூர் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதை மறக்க வேண்டாம்.

இது முற்றிலும் இலவசம். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமான ஐசிஏவின் இணையதளத்திலோ, அதன் மைஐசிஏ செயலியிலோ மட்டும் நிரப்புங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் பணம் கேட்கும். கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

மின்னஞ்சல் முகவரியைக் கவனமாகப் போடுங்கள். இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம், கடைசி நாள் எது என்பதை இ-பாஸாக அந்த முகவரிக்குத்தான் அனுப்புகிறார்கள். முகவர் தம் மின்னஞ்சலைப் போட்டிருந்தால் உங்கள் இ-பாஸ் அவரிடம் போய்ச் சேரும். வரவில்லை என்றால் ஐசிஏ தளத்தில் பாஸ்போர்ட் விவரம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விசாவில் இருக்கும் தேதி, தங்கும் தேதி அல்ல. அது எந்த நாள்வரை நீங்கள் நாட்டுக்குள் வரலாம் என்பதைச் சொல்கிறது. எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது குடிநுழைவு அதிகாரிகள். விசா இன்னும் ஓராண்டு செல்லும் என்று நம்பி, இ-பாஸ் தேதி தாண்டியும் பேரப்பிள்ளையோடு இருந்துவிட்டால் அது குற்றம். அபராதம், சிறைவரை போகும். 90 நாளைத் தாண்டினால் பிரம்படியும் சட்டத்தில் உண்டு. கூடுதல் நாள் வேண்டுமானால் தேதி முடியும் முன் இணையத்தில் நீட்டிப்புக் கேளுங்கள்.

சாங்கியில் தானியங்கி வாயில் வழியாகவே வெளியேறலாம். கண், முகம், கைரேகை பதிவாகும். வயல் வேலை, வீட்டு வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களுக்குச் சில நேரம் பதியாது. பதற வேண்டாம், அதிகாரி கவுன்ட்டருக்கு அனுப்புவார். திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, வீட்டாரின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். கைப்பேசி அணைந்துபோனாலும் தாள் இருக்கும்.

பெட்டியில் என்ன இருக்கிறது?

சொந்தப் பயன்பாட்டுக்கான மருந்தை மூன்று மாத அளவுவரை கொண்டுவரலாம். ஆனால் தூக்கத்துக்கும் மனப்பதற்றத்துக்கும் ஊரில் சாதாரணமாக எழுதித்தரும் அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம், இருமல் மருந்தில் சேரும் கோடின் ஆகியவை இங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. கொண்டுவரும் முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வேண்டியிருக்கும். குறைந்தது பத்து வேலை நாளுக்கு முன் இணையத்தில் விண்ணப்பியுங்கள். அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்: அட்டையைக் கத்தரித்துக் கத்தரித்து, பெயர் இருந்த மூலை போய், வெறும் வெள்ளித்தாளில் நாலு மாத்திரை இருக்கும். அது எந்த மருந்து என்று எவராலும் சொல்ல முடியாது. முழு அட்டையாக, மருந்துச் சீட்டோடு கொண்டுவர வேண்டும். சீட்டில் மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்) இருக்கட்டும்.

கசகசாவைத் தொடவே வேண்டாம். அதில் மார்பினின் சுவடு இருக்கக்கூடும் என்பதால் இங்கே போதைப்பொருள் விவகாரம் ஆகிவிடும். குருமாப் பொடி, கறி மசாலா அரைத்து வருபவர்கள் அதில் கசகசா சேர்க்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். ஹான்ஸ், குட்கா, ஜர்தா உள்ளிட்ட மெல்லும் புகையிலை எதுவும் கூடாது. மின்சிகரெட்டும் சூயிங்கமும் தடை. சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகையே கிடையாது, ஒரே ஒரு பாக்கெட் என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். இறைச்சி அனுமதிக்கப்பட்ட நாடுகளிலிருந்து மட்டுமே வரலாம் என்பதால் மட்டன் ஊறுகாய், கறி வறுவல் வேண்டாம். மீன் உணவு சொந்தப் பயன்பாட்டுக்கு ஐந்து கிலோவரை அனுமதி. கையில் 20,000 வெள்ளிக்கு மேல் பணம் இருந்தால் அறிவிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பிறர் தரும் பொட்டலத்தை வாங்காதீர்கள். “தம்பிக்கு முறுக்குதான்” என்று விமான நிலையத்தில் ஒருவர் நீட்டினாலும் வேண்டாம். இங்குள்ள போதைப்பொருள் சட்டப்படி, உங்கள் பெட்டியில் இருப்பது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். தெரியாது என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். தண்டனை மரணம்வரை உண்டு. மறுத்தால் மனம் கோணுவார்களே என்று தயங்க வேண்டாம்.

இங்கே இறங்கியபின்

மின்செருகி பட்டையான மூன்று கால் கொண்டது. நம் ஊர் வட்டக் கால் பொருந்தாது, அடாப்டர் எடுத்து வாருங்கள். பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் தொடாப் பணமுறை (கான்டாக்ட்லெஸ்) கொண்ட வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம். இந்திய அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும், கிளம்பும் முன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். பெரியவர்களுக்கு, முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் ஈசி-லிங்க் பயண அட்டையே எளிது. ரயிலில் தண்ணீர் குடிப்பதும் கூடாது. உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துவைக்க வேண்டும். மேசையில் தனியாக ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

லிட்டில் இந்தியாவில் சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணிவரை பொது இடத்தில் மது அருந்தத் தடை.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பெரியவர்களை அழைத்து வராதீர்கள். வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையிலும் மானியம் இல்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்க்கும் காப்பீடு பொருந்துமா என்று படித்துப் பார்த்து எடுங்கள். ஆம்புலன்ஸ் 995, போலீஸ் 999.

முஸ்தபா பேரங்காடியிலோ வேறு கடையிலோ 100 வெள்ளிக்கோ அதற்கு மேலோ வாங்கினால், அது சுற்றுலாப் பயணிகள் கட்டிய பொருள் சேவை வரியைத் திருப்பித் தரும் ‘சுற்றுலா வரித் திருப்பத் திட்டத்தில்’ உள்ள கடை என்றால் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். திரும்பும் நாளில், பெட்டியை விமானத்தில் ஏற்றக் கொடுப்பதற்கு முன்பே அதற்கான இயந்திரத்தில் கோரிக்கையை முடிக்க வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னால் அது உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.